வைப்பர் மாட்டாத கார்

1996 ஜூலை 5: பெட்ரோல் 2,800 குரோனா. கிளம்பியது பனியேரிக்கு. போனது அக்குரேய்ரி.
2009 ஜூலை 3: 7,600 குரோனா. கிளம்பியது பனியேரிக்கு. போனது எகில்ஸ்டாதிர்.
2023 ஜூலை 7: 12,400 குரோனா. கிளம்பியது பனியேரிக்கு. போனது இசாஃபியோர்தூர்.

ஒவ்வொரு முறையும் கார் பானெட்டின்மேல் தீவின் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு ஹாட்டாக் ரொட்டிகளை வைப்பார் ஸ்டெய்னார். எந்தப் பக்கம் போவதென்று முடிவாவதற்குள் மூன்று மூலைகளைத் தின்றுவிடுவார். ரெய்க்யவிக் எல்லையில் ரவுண்டானாவை ஒட்டிய பெட்ரோல் பங்க்கில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான்; மேலே உள்ள வரிகள் என் குறிப்பேட்டிலிருந்து. இன்றும் என் காலைக் காப்பி அங்கேதான்.

துறைமுகத்தில் படகுகளுக்கு வண்ணம் பூசியவர் அவர். ஈரத்தில் தூரிகையைத் தொடமாட்டார். கோடையில் வெயில் அடிக்கும் பக்கம் வண்டியைத் திருப்புவது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஸ்டெய்னார் ஒருபடி மேலே போய், வைப்பர்களைக் கழற்றிக் கம்பளிக் காலுறையில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுவார். வண்டிச் சோதனை நாளில் மட்டும் அவை வெளியே வரும்.

"வைப்பரை மாட்டினா மழையை நாமளே வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரி ஆயிடும்யா."

பனியேரியைக் காட்டுவதாகக் கல்யாணத்தன்று மனைவி உன்னூரிடம் சொன்னவர் அவர்தான். பனிப்பாறைகள் மிதக்கும் அந்த ஏரி இருப்பது தெற்குக் கரையில். வெயிலோ எப்போதும் வேறெங்காவது. உன்னூருக்கு வயது எழுபத்தொன்று. வரும் இலையுதிர் காலத்தில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு அவ்வளவு தூரம் போகமுடியுமோ முடியாதோ.

இந்த ஜூலை 4 அன்று வண்டி ரவுண்டானாவுக்குள் நுழைந்தது. ஸ்டெய்னாரின் கைப்பேசியில் வடக்கே மஞ்சள் சூரியன், தெற்கே மூன்று கறுப்பு மேகம்.

"தெற்கே திருப்பு" என்றார் உன்னூர்.

"இன்னொரு சுத்து சுத்திப் பார்ப்போம், கண்ணு. மேகம் கலைஞ்சாலும் கலையும்."

ஐந்தாவது சுற்றில் பங்க்கிலிருந்த எல்லோரும் வெளியே வந்து நின்றோம். ஒருவர் கைதட்டினார். ஏழாவது சுற்றில் உன்னூர் சத்தம் போட்டு வண்டியை நிறுத்தச் செய்து, பிளாஸ்க்குடன் இறங்கினார்.

"நீ சுத்திக்கிட்டே இரு, மனுஷா. உனக்குத் தலை சுத்துறதுக்குள்ள நான் ஏரியைப் பார்த்துட்டு வந்துடறேன்!"

தெற்கே போகும் பேருந்தில் ஏறிவிட்டார்.

ஸ்டெய்னார் அந்த வாரம் எங்கும் போகவில்லை; பங்க்கிலேயே உட்கார்ந்திருந்தார். பங்க்கின் முகவரிக்கே அஞ்சலட்டைகள் வந்தன. அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று உன்னூருக்குத் தெரியும்.

முதல் அட்டை: "அருவிக்குப் பக்கத்துல நனைஞ்சேன். தூரமா போயும் நனைஞ்சேன். ஒரே தண்ணிதான்."

இரண்டாவது: "கறுப்பு மணல் கடற்கரை. காத்து தொப்பியைக் கொண்டுபோயிடுச்சு. உன் தொப்பிதான்."

"புதுத் தொப்பிய்யா அது!" என்று ஸ்டெய்னார் என்னிடம் கத்தினார், நான்தான் பறக்கவிட்டதுபோல.

மூன்றாவது ஏரியிலிருந்து வந்தது: "பார்த்துட்டேன். ஒரு கடல்நாய் உன்னை மாதிரியே மல்லாக்கப் படுத்துக் கிடக்கு. விடாத மழை. பக்கத்துப் பண்ணையில ரூம் எடுத்திருக்கேன். கட்டில் ரெண்டு."

இரண்டு முறை படித்தார். கைப்பேசியைப் பார்த்தார். வடக்கே மஞ்சள். அதைப் பையில் போட்டுவிட்டு டிக்கியைத் திறந்தார்.

"வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே, என்னய்யா பண்றே?" என்றேன்.

காலுறையை உதறி, இடது வைப்பரை மாட்ட ஆரம்பித்தார். அன்று ஜூலை 11, கடைசி அட்டை வந்த நாள்.