ஒன்பதாவது வரியில் ஒரு டிக்

இலங்கையில் குருவிட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் மருந்தடிக்கும் ட்ரோன் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது அங்கே போகக் கூடாது. ஓட்டியவர் போர்க்காலத்தில் சண்டை விமானம் ஓட்டிப் பெயர் வாங்கிய விங் கமாண்டர்.

அவரைப் பற்றிச் சில குறிப்புகள்:

1. போருக்குப் பிறகு சோதனை விமானி. பழுதுபார்த்த விமானத்தில் முதல் ஆளாக ஏறிப் பறப்பது வேலை. ஒரு தடவை எஞ்சின் நின்று, பாரசூட்டில் கடலில் இறங்கியிருக்கிறார்.
2. ஓய்வு பெற்றதும் எங்கள் நிறுவனத்தின் ட்ரோன்களைச் சோதிக்க வந்தார்.
3. பறக்குமுன் டயரை உதைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். ட்ரோனுக்கு டயர் இல்லாததால் என் டூல் பாக்ஸை உதைப்பார்.

நான் டெக்னீஷியன். தகுதிகாண் காலத்தின் கடைசி வாரம். சோதனைப் படிவத்தில் துரை கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். படிவத்தில் முப்பத்தொரு வரிகள். ஒன்பதாவது: 'ஓட்டுபவர் இருபது நிமிடம் பயிற்சி எடுத்தார்.' கடலில் குதித்த மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்காமலே டிக் போட்டேன்.

அதுவரை ட்ரோன் ஜிபிஎஸ்ஸில் தானாகவே பறந்தது; அன்றுதான் முதல் தடவையாக அதை அணைத்துக் கையால் ஓட்டும் சோதனை. டாங்கியில் வெறும் தண்ணீர். போகும்போது அழகாகப் போனது. எங்களை நோக்கித் திரும்பியதும் அதன் இடது எங்களுக்கு வலதாகிவிட்டது. தான் ஓட்டும் விமானம் தன்னை நோக்கி வருவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் விலக்க விலக்க, அது ஜீப்பருகே தேநீரோடு நின்ற துரையை நெருங்கியது. அது தெளித்த தண்ணீரில் துரையின் கோப்பை நிறைந்தது.

"நங்கி, கன்ட்ரோல் மாறி வேலை செய்யுது," என்றார் விங் கமாண்டர் நிதானமாக. சிங்களத்தில் தங்கை என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் படிவத்தைப் புரட்டினேன். முப்பத்தொரு வரியிலும் இதற்குப் பதில் இல்லை.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் பக்கத்து மலைக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்த்த கங்காணி செல்வமேரி அக்கா குரல் கொடுத்தார்.

"ஐயா, அதுக்கு முதுகக் காட்டி நில்லுங்க. புள்ளைங்களுக்குப் பறிக்கிற நெர காட்டுறப்ப நான் அப்பிடித்தான் நிப்பேன். மூஞ்சியப் பாத்து இடதுன்னு சொன்னா வலதுல போயி நிப்பாளுக."

விங் கமாண்டர் உடனே திரும்பி நின்று, கழுத்தை மட்டும் வளைத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்தார். இடது இடதானது. ட்ரோன் ஜீப்பை விட்டு விலகி ரோட்டில் மெல்ல இறங்கியது.

துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இவரு ப்ராக்டிஸ் எடுத்தாரா மிஸ்?"

டிக் போட்ட படிவம் என் கையிலேயே இருந்தது.

"இல்லைங்க சார். கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நானே டிக் போட்டுட்டேன்."

விங் கமாண்டர் படிவத்தை வாங்கி அந்த டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "பெரிய ஆள்னு பாத்து மெக்கானிக் அன்னைக்குப் பாரசூட்டச் சரியாக் கட்டினீங்களான்னு என்கிட்ட கேக்காம விட்டிருந்தா, நான் இன்னும் கடலுக்குள்ளதான் நங்கி."

ஒன்பதாவது வரியைக் கங்காணியே பார்த்துச் சொன்னால்தான் கையெழுத்து என்றார் துரை. விங் கமாண்டர் இருபது நிமிடம் முதுகைக் காட்டி ஓட்டினார். அக்கா அவரை ஒரு தடவை பெயிலாக்கி, மறுபடி ஓட்டச் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு: பெரிய ஆளிடம்தான் முதலில் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் படிவம் இருக்கிறது. கோடு போட்டு அடித்த டிக்குக்குப் பக்கத்தில் அக்காவின் டிக், கீழே ஈரத்தில் கொஞ்சம் கலைந்த துரையின் கையெழுத்து.