தன் இடுப்பை அளக்காத டெய்லர்

ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவனுக்குத் தன் இடுப்பு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து முப்பத்திரண்டு. கைகால் குச்சியாக இருப்பதால் கடைத்தெருவில் அவன் பெயர் ஈர்க்குச்சி டெய்லர். அதில் ஐயாவுக்கு ஏகப்பட்ட பெருமை. அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை எக்கினால் விடமாட்டான். “மூச்சை விடுங்க சார். பேன்ட்டுக்குத்தான் அளவு, போட்டோவுக்கு இல்ல” என்பான், காத்திருப்பவர்கள் காதிலும் விழும்படி. எதிரே பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் மனைவிக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை. அவளுடைய அண்ணனுக்கும் அதே நோய், அதே டாக்டர். இடுப்புக்குக் கீழே கனத்த மனிதர். “உங்கண்ணன் தொடைக்கே ஒரு கட்டுத் துணி வேணும். முதல்ல போகப்போறது அவர்தான், பார்த்துக்கிட்டே இரு” என்று கட்டியவளிடமே சொன்னான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் மாத்திரை போட்டானா என்று தினமும் எண்ணிப் பார்த்தாள். அவன் போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம் அவளை அப்படிப் பிடித்து ஆட்டியது.

போன வாரம் டாக்டர் சொன்னார்: “எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. இதய நோய் இருக்கறவங்களுக்குக் கொழுப்பு எங்க சேருதுங்கறது முக்கியம். தொடையில இருக்கறது அவ்வளவு தொல்லை இல்ல. எடை சரியா இருந்து வயித்துல மட்டும் சேர்ந்தா அதுதான் ஆபத்து. இடுப்பளவு என்ன?”

நர்ஸ் டேப்பை எடுப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். “என் தொழிலே அதுதாம்மா. முப்பத்திரண்டுன்னு எழுதிக்கோ.”

நர்ஸும் எழுதிக்கொண்டாள். தொளதொளச் சட்டைக்குள் முட்டிக்கொண்டிருந்த தொப்பையை மனைவி பார்த்தாள். நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்க வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய பேன்ட்களை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வயிறு தள்ளத் தள்ள தையலைப் பிரித்து விட்டிருக்கிறான். தையலில் இடம் தீர்ந்ததும் பின்பக்கம் ஒட்டுத்துணி, அதற்கு மேல் எலாஸ்டிக். ஒவ்வொரு தடவையும் துணி சுருங்கிவிட்டதாகத் துணிக்காரனைத் திட்டிக்கொண்டே செய்த வேலை. வேறு டெய்லரிடம் பேன்ட் தைக்கக் கொடுத்திருந்தால் அவனுக்கு உண்மை என்றைக்கோ தெரிந்திருக்கும். அவள் ஒட்டுத்துணியையெல்லாம் கத்தரித்து எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் வீட்டு மெஷினில் பழைய அளவுக்கே தைத்து மாட்டினாள்.

மறுநாள் காலை ஒன்றுகூட இடுப்பில் ஏறவில்லை.

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று கத்தினான்.

“முப்பத்திரண்டுதானே? போடுங்க.”

“கடைக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறது?” சுற்றுமுற்றும் பார்த்தான். அண்ணனுக்காக அவனே தைத்து முடித்த பேன்ட் ஆணியில் தொங்கியது. “உங்கண்ணனோட கூடாரத்தையே போட்டுக்கறேன். நடுவுல ஒரு கம்பு நட்டா சரியா இருக்கும்” என்று பிடுங்கினான்.

தொடைப் பக்கம் துணி தொங்கு தொங்கென்று தொங்கியது. அவன் இளித்தான். இடுப்புக்கு வந்ததும் இளிப்பு நின்றது. கொக்கி சேரவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். திரும்பி நின்றுகொண்டு வயிற்றை எக்கி, எப்படியோ மாட்டிவிட்டு முகம் சிவக்க நிமிர்ந்தான்.

“பார்த்தியா?”

“மூச்சை விடுங்க” என்றாள் அவள். “பேன்ட்டுக்குத்தான், போட்டோவுக்கு இல்ல.”

எவ்வளவு நேரம்தான் அடக்குவான்? விட்டான். கொக்கி தெறித்து மெஷினுக்கடியில் ஓடியது.

“இப்பச் சொல்லுங்க, முதல்ல போறது யாரு?”

கேட்டுவிட்டு அவளே அழுதாள். மச்சானின் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டெய்லர் மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.