நாடி பிடித்துக் கேட்ட பத்துக் கேள்விகள்

துரையின் தங்கப் பேனா காணாமல் போனதற்கு என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். காய்ச்சலா, பேதியா, கையைப் பிடித்துப் பார்க்க? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. காலையில் பட்டறை முதலாளி வெள்ளைக்காரத் துரையின் ஆபீசைத் திறந்து கூட்டுவது அவர்தான். பேனா போனதும் சாவி வைத்திருந்த இவர் மேலும், தேத்தண்ணீர் கொண்டுபோகிற ஆள் மேலும் சந்தேகம். பொய் சொன்னால் நாடி எகிறும் என்று துரை ஏதோ அமெரிக்கப் பத்திரிகையில் படித்திருந்தானாம். அங்கே அதற்கு மிஷினே இருக்கிறதாம். இங்கே மிஷினுக்கு எங்கே போவது? பட்டறையில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரைக் கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டான். நாடி எகிறினால் வேலையும் போகும், பட்டறை கொடுத்த வீடும் போகும்.

கேள்விகளைத் தமிழில் கேட்கப்போகிறவர் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். முதல் நாளே வந்து சொல்லிவிட்டார்.

"பத்துக் கேள்விம்மா. இன்னிக்குச் செவ்வாக்கிழமையா, சோறு சாப்பிட்டியா, இப்படி எட்டு சும்மா கேள்வி. நாலாவதும் ஏழாவதும்தான் ஆளப் பிடிக்கிற கேள்வி. பேனாவ எடுத்தியா, யாருக்காவது வித்தியா. மத்ததவிட அங்க நாடி வேகமா ஓடுனா மாட்டுனான் லா."

தப்பிக்க வழியும் சொன்னார். செருப்புக்குள் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு, சும்மா கேள்விகள் வரும்போதெல்லாம் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வலியில் அங்கேயும் நாடி ஏறும், வித்தியாசம் தெரியாது. தேத்தண்ணீர்க்காரன் அப்படித்தான் செய்யப்போகிறானாம்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுக்காதவனுக்குக் கல்லு எதுக்குண்ணே?"

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "அந்த ரெண்டு கேள்வி வரப்போ மனசுக்குள்ள முருகான்னு கூப்பிடுங்க. அவன் பாத்துக்குவான்" என்றேன். வருஷம் தவறாமல் பத்துமலைக்குக் காவடி எடுக்கிற மனுஷர். உறுமிச் சத்தம் கேட்டாலே உடம்பு சிலிர்த்து அருள் வந்துவிடும். அவரிடம் போய் அப்படிச் சொன்னேனே, பாவி!

சொன்னபடியே, உதடு அசைய முருகனைக் கூப்பிட்டிருக்கிறார்; உடம்பும் சிலிர்த்திருக்கிறது. நாலாவதிலும் ஏழாவதிலும் நாடி பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கல் வைத்தவன் தேறிவிட்டான். இவர் திருடன்!

நேராக டிரஸ்ஸரிடம் போனேன். அவரும் தமிழர்தான், எங்களோடு பத்துமலை ஏறியவர்தான்.

"சாமி பேரச் சொன்னா இவருக்கு எப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நாடி ஏறுச்சான்னுதாம்மா துரை கேட்டாரு. ஏன் ஏறுச்சுன்னு கேக்கலையே."

கேட்டால்தான் சொல்வாராம். நல்லா இருக்குதையா உங்க நியாயம்!

வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்தோம். கிள்ளானில் ஒரு தோட்டத்தில் என் அண்ணன் இருந்தார். சட்டி பானையோடு லோரியில் ஏறினோம். கிள்ளான் நெருங்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் எடுக்கலன்னு நீயாவது நம்புறியா?"

பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பேனா போனால் துரை இன்னொன்று வாங்கிக்கொள்வான். என் புருஷனை என்னிடம் இப்படிக் கேட்க வைத்தானே, அவன் விளங்குவானா?