சாவாளை வெள்ளி

சாவாளை மீனைத் தொட்டால் கையில் ஒரு வெள்ளிப் பொடி ஒட்டிக்கொள்ளும்; எத்தனை தடவை கழுவினாலும் ரேகைக்குள்ளிருந்து மினுங்கும். கட்டுமாவடியில் எங்கள் வீட்டில் அதை "மினுக்கு" என்போம்.

ஐம்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, ஆவுடையார்கோவிலில் நடந்த நாடகப் போட்டிக்கு என்னை ராஜாவாகப் போட்டார்கள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரலா என்பார்கள். அதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. மகுடம் அவரவர் செலவு. ஜிகினாத் தாள் வாங்க அறந்தாங்கிக்குப் போக வேண்டும். மீன் விற்றுக் குடும்பம் நடத்திய என் தாய், "கையில ஒட்டுற வெள்ளிய விட்டுட்டு கடைக்கா போவாங்க?" என்றாள். நான்கு நாளாகச் சாவாளைகளை ஈரத்துணியால் துடைத்து, சட்டியில் பிழிந்து, அடியில் தங்கிய மினுக்கை வேலம்பிசினில் குழைத்து அட்டையில் பூசினாள். காய்ந்ததும் கண் கூசியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீன் வாடை எங்களுக்கு வாடையாகவே தெரியாது; ஆவுடையார்கோவிலுக்கு எங்களோடு பஸ்ஸில் வந்தவர்களும் எங்கள் கரைக்காரர்கள்தான். மேடையோரப் படியில் நின்ற ஒரு டீச்சர்தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத அங்கிட்டுத் தூக்கிப் போட்டுட்டு மேடை ஏறு" என்றார். போட்டுவிட்டு, வெறுந்தலையோடு ராஜாவானேன். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆத்தா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசனம் பாதி மறந்துபோனது.

"மகுடம் கிழிஞ்சிருச்சு ஆத்தா" என்றேன், இறங்கியதும்.

"போகுது விடு. இன்னொன்னு செஞ்சுக்கலாம்."

அறுபதுகளில் திருச்சியில் கல்லூரியில் படித்தேன். உயிர்களின் பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் டி.என்.ஏ. என்ற அமிலத்தில் நான்கு காரங்கள் உண்டு, அதில் ஒன்று குவானின், மீன் தோலில் மினுங்குவதும் அதுதான் என்றார் பேராசிரியர். அதற்குப்பின் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

லீவுக்கு வந்ததும் ஆத்தாவிடம், "நம்ம மினுக்கு எல்லா மனுசங்க ஒடம்புலயும் இருக்காம்" என்றேன்.

மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்: "அப்ப, மூக்கப் பொத்துன அந்த டீச்சரம்மா ஒடம்புலயுமா?"

அந்த டீச்சரைப் பற்றி நான் அவளிடம் மூச்சுவிட்டதே இல்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

இன்று சாவாளை கரையேறியதும் ஐஸ் பெட்டிக்குள் போய், நேரே லாரி ஏறுகிறது. ஆத்தாவும் போய்விட்டாள். மகுடம் கிழியவில்லை என்பதைக் கடைசிவரை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.