மாமா எழுதிய அத்தையின் நாவல்கள்

ஆம்பூரில் எங்கள் தெருப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எழுத்தாளர் அம்மா வீடு என்றால் ஆட்டோக்காரர் நேராக வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்த எழுத்தாளர் அம்மா என் அத்தை, அப்பாவின் அக்கா. மாதம் தவறாமல் அவள் பெயரில் ஒரு நாவல் வரும். பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கும். அதில் ஒரு வரிகூட அத்தை எழுதியதில்லை என்பது எங்கள் இரண்டு வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எழுதியதெல்லாம் மாமா. அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் ரகம் பிரிக்கிற வேலை. பகலெல்லாம் பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து, இது நல்லது, இது கழிவு என்று தள்ளுவார். வீட்டுக்கு வந்து, நாற்றம் போகக் குளித்துவிட்டு, குடும்பக் கதை எழுத உட்கார்ந்துவிடுவார். குடும்பக் கதை பெண் பெயரில் வந்தால்தான் விற்கும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். வீட்டில் கைக்கெட்டிய பெண் பெயர் அத்தையுடையது. இன்றும் மாமா எழுதிக்கொண்டுதான் இருக்கிறார், போனில் தட்டி, அதே பெயரில்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். புருஷன் அடிப்பான், பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள், கடைசி அத்தியாயத்தில் அவன் திருந்துவான், அவள் திரும்பி வருவாள். ஷூ கம்பெனி பஸ்ஸில் பெண்கள் அதைப் படித்து மூக்கைச் சிந்துவார்களாம். மாமாவுக்குப் பெருமை தாங்காது. குழம்பில் உப்பு குறைந்தால் அதே மாமாவின் கையிலிருந்து தட்டு பறக்கும் என்பது வேறு விஷயம்.

தொல்லையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வாசகிகள் அத்தையைப் பார்க்க வந்துவிடுவார்கள். அத்தை ஒரு நாவலையும் படித்தவளில்லை. நான் ஒன்று விடாமல் படிப்பவள். அதனால் ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அத்தையை ஒட்டி உட்கார்ந்து விசிறிக்கொண்டே, விசிறி மறைவில் அவள் காதில் கதாநாயகியின் பெயரையும் முடிவையும் ஊத வேண்டும். மாமா உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பார். "வெளிய தெரிஞ்சா மானமும் போய்டும், நாவலும் போய்டும்" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அத்தை ஒரு கட்டைப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கினாள். பக்கத்தில் படுத்துக்கொள்ள அத்தை கிடைத்தாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். பிறகு அப்பாவே அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவளை அடுத்த வாசலில், மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிறு, வாணியம்பாடியிலிருந்து ஒருத்தி வந்தாள். தோளில் தூங்குகிற குழந்தை, கையில் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட நாவல்கள். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். சாயங்காலம் புருஷன் வந்து அழைத்துப் போகப் போகிறானாம்.

"எல்லாரும் போ போன்னு சொல்றாங்க. எனக்கு பயமா கீதுக்கா. உங்க கதையில செங்கமலம் திரும்பிப் போனாளே, அவன் திருந்திட்டானே. நீங்க போன்னு சொன்னா போய்ட்றேன்."

செங்கமலம் எனக்கு மனப்பாடம். விசிறியை உயர்த்தி, "திரும்பிப் போவா, அவன் திருந்திடுவான்" என்று ஊதினேன். காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை ஊதினேன். திரைச்சீலை அசைந்தது. இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

அத்தை என் கையிலிருந்த விசிறியை வாங்கி, அந்தக் குழந்தைக்கு விசிற ஆரம்பித்தாள்.

"போவாதம்மா" என்றாள்.

"கதையில போனாளேக்கா?"

"கதைய எங்கியாவது முடிக்கணும்ல? அதுக்குதான் திருந்திட்டான்னு எழுதறது. நீ போவாத."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு எழுந்து போனாள். நாவல்கள் எங்கள் முன்னாலேயே கிடந்தன. அவள் புருஷனோடு போனாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

மாமா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "இன்னாடி அப்டி சொல்லிட்ட? எழுதினது ஒண்ணு, சொன்னது ஒண்ணுன்னா சந்தேகம் வராதா?"

"அவ என்னைத்தான கேட்டா" என்றாள் அத்தை.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் தட்டுச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே விழுங்கினேன். சாம்பாரில் உப்பு கம்மி, எனக்கே தெரிந்தது. மாமா தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போனார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிவிடும்போது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். வேலையில் தப்பு செய்த பேர் எனக்கு வந்துவிடக் கூடாதே.

"நான் சரியாத்தான் சொன்னேன் அத்தே. செங்கமலம் திரும்பிப் போய்டுவா. அதான் முடிவு."

அத்தை பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டினாள்.

"தெரியும்டி. நானுந்தான் திரும்பிப் போனேன்."

எங்கே போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அவள் வீடு அடுத்த வாசல்தானே.