ஓரக்கண் உத்தியோகம்

கிழிந்த சாக்குப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல், நிறைமாதக் குதிரைக்கு முதுகைக் காட்டி ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். கோணி ஊசி மேலும் கீழும் போய்வருகிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன். மறுமுனையில் மருமகள். "அதுக்கு நீ என்ன சொன்னே? அப்படியா சொன்னே? நல்லா இருக்கு." இந்த அம்மாளுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியை நினைத்து நீங்கள் இரக்கப்படலாம். வேண்டாம். இங்கே மிகத் தீவிரமான கண்காணிப்பு நடந்துகொண்டிருக்கிறது.

குதிரைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் பிரசவத்தை எவரும் உற்றுப் பார்க்கக் கூடாது. பார்த்தால், வந்த வலியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கண் கொட்டாமல் காத்திருந்தவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் குட்டி தரையில் கிடக்கும். நாளெல்லாம் காத்துக் கிடந்தவர் எழுந்துபோன நிமிடத்தில் அவர் பெயரைக் கூப்பிடும் அலுவலகங்கள் உங்களுக்குத் தெரியும். குதிரையும் அந்த இனம்தான்.

ஆக, பார்க்கவும் வேண்டும், பார்க்கவும் கூடாது. இந்தப் பதவிக்குத் தகுதியானவர்களை உலகில் ஒரே ஓர் உறவுமுறைதான் உருவாக்கித் தருகிறது. லாயத்தில் எல்லோரும் அவரை நேரில் "அக்கா" என்கிறார்கள்; அவர் தலை மறைந்ததும் "மாமியார்" என்கிறார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். "மருமகளா இருந்தப்ப ஓரக்கண் பட்டுப் பட்டுக் கத்துக்கிட்டேன். மாமியாரானதும் கூர் தீட்டிக்கிட்டேன். பால்ல எவ்வளவு தண்ணி கலக்குறாள்னு சுவத்தைப் பாத்துக்கிட்டே சொல்லுவேன்."

அடக்கம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாத பொருள். வெளியே துள்ளித் திரியும் குட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது நான் போட்டது, அந்தக் கறுப்பும் நான் போட்டது" என்பார். தாய்க்குதிரைகளின் பங்கை ஒரேயடியாக மறுத்துவிடமாட்டார். "அதுங்களும் கொஞ்சம் ஒத்தாசையா இருந்துச்சுங்க."

அந்தப் பெருமையில் ஒரே ஒரு பொத்தல், செவலை. முதுகைக் காட்டினாலும் போனில் பேசினாலும் அந்தக் குதிரை ஏமாறவில்லை. இரண்டு ஈற்றிலும், மாமியார் சற்று வெளியே போன நேரம் பார்த்துப் போட்டது. இரண்டு குட்டிகளும் தலையைச் சுற்றிய மெல்லிய பை கிழியாமல் மூச்சுமுட்டிச் செத்தன. ஒரு விரலால் கிழித்திருந்தால் போதும். அந்த விரல் அப்போது அங்கே இல்லை. "நான் போடுற ஓரக்கண்ணுக்கே அது ஓரக்கண் போடுதுங்க" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

மூன்றாம் முறை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. செவலையை வயிற்றோடு விற்றுவிட்டார். ஒரு மத்தியானம் லாரியும் வந்து நின்றது.

மாமியார் குறுக்கே வந்தார். "காம்பு நுனியில பால் மெழுகாட்டம் கட்டியிருக்கு முதலாளி. இன்னிக்கே போட்டுடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"சொன்னேன். போட்டுச்சா இல்லையா?"

"போட்டுச்சு. செத்துப்போச்சு."

மாமியார் லாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பொழுது சாயறதுக்குள்ள குட்டி உசுரோட எழுந்து நின்னா செவலை இங்கதான். இல்லேன்னா நானே கயிறு பிடிச்சு ஏத்தி விடுறேன்" என்றார்.

"சரி. வாங்கினவர்கிட்ட நான் பேசிக்கிறேன். பொழுது சாயற வரைக்கும்தான்."

வாளி கவிழ்ந்தது, ஊசி ஓடியது, மருமகள் அழைக்கப்பட்டாள். செவலை அசையாமல் நின்று மாமியாரின் முதுகை முறைத்தது. மாமியார் அது முறைப்பதைப் பார்க்காமல் பார்த்தார். வெயில் சுவரை விட்டு இறங்கத் தொடங்கியது.

திடீரென்று போர்வையைச் சுருட்டி எறிந்துவிட்டு எழுந்தார். "இந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் போறேன்."

முதலாளி திடுக்கிட்டார். "நான் இப்ப ஒண்ணுமே சொல்லலையே."

"அதான். ஒருத்தி மத்தியானத்திலேர்ந்து இங்க உக்காந்திருக்கா. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

செருப்பு சரளைக்கல்லில் சரக் சரக்கென்று போனது. கேட் அறைந்த அறையில் லாயத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. முதலாளி பின்னாலேயே ஓடிப் பார்த்தார். தெருவில் ஆள் இல்லை.

"கோபக்கார அம்மாவா?" என்று கேட்டார் லாரி ஓட்டுநர்.

"வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அவங்க இல்லேன்னா இந்த லாயமே இல்லைங்க" என்றார் முதலாளி, தளர்ந்துபோய். அதுவரை அவர் வாயிலிருந்து வராத வாக்கியம்.

உள்ளே செவலை கேட் பக்கம் காதைத் திருப்பியது. நீண்ட பெருமூச்சு விட்டது. மாமியார் ஊருக்குப் போன அன்று மருமகள் விடும் அதே பெருமூச்சு. பிறகு வசதியாகப் படுத்தது. முன்னங்கால்கள் வந்தன, அவற்றின் மேல் மூக்கு வந்தது, மூக்கின் மேல் கிழியாத பை வந்தது. மூலையில் இருந்த வைக்கோல் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது.

பை கிழிந்தது. குட்டி தும்மியது.

புறாக்கள் போட்ட சத்தத்தில் பின்பக்கச் சன்னல் வழியாக ஏறிக் குதித்து, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுத்திருந்த மாமியார், தலையில் வைக்கோலோடு எழுந்து செவலையிடம் சொன்னார்: "யாருகிட்ட?"

தும்மல் கேட்டு முதலாளியும் ஓட்டுநரும் ஓடிவந்தபோது குட்டி எழப் பார்த்துக்கொண்டிருந்தது. கால்கள் நாலும் நாலு கட்சியில் இருந்தன. விழுந்தது. தாங்கப் போன முதலாளியின் கையை மாமியார் தட்டிவிட்டார். மறுபடி விழுந்தது. மறுபடியும். அதற்குள் கட்சிகளுக்குள் ஏதோ உடன்பாடு ஏற்பட்டிருக்க வேண்டும், நின்றது. ஆடிக்கொண்டே தாயின் வயிற்றடியில் முட்டி, காம்பைப் பிடித்துச் சப்புச் சப்பென்று உறிஞ்சியது. வாசல் வழியே விழுந்த வெயில் இன்னும் அதன் முதுகில் இருந்தது.

"அக்கா, நீங்க போகலையா?" என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எங்க போறது? இந்நேரத்துக்கு பஸ்ஸா இருக்கு?"

முழங்கை வரை ஈரம் சொட்ட வெளியே நடந்தார். செவலைக்காகத் திறந்து கிடந்த லாரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டினார். பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.