படம் தெரியுதா?

ராயபுரத்தில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் திரை இருண்டு நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படத்தின் அகலம், உயரம், நொடிக்கு எத்தனை தடவை மின்ன வேண்டும் என்று மானிட்டருக்கு ஏற்ற எண்களை நான்தான் தேடி அடிப்பேன்.

என் தோஸ்து சலீம் அதற்கொரு புரோகிராம் எழுதினான். அது மானிட்டரின் மாடலைக் கேட்டது. எங்கள் பக்கம் கப்பல்களில் வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய மானிட்டர்கள்தான், லேபிளே இருக்காது. அவன் தோற்றதில் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

பிறகு மாற்றி எழுதி, பிரவுசிங் சென்டர் மேரியக்காவிடம் கொடுத்தான். "அதுவே நம்பரை ஒண்ணொண்ணா மாத்தும்க்கா. படம் தெரிஞ்சா என்டர் தட்டு. தெரியலன்னா சும்மா குந்திகினு இரு, அடுத்தது வரும்."

திரை கறுத்தது, நெளிந்தது, தெளிந்தது. மேரியக்கா தட்டினார்; பக்கத்தில் நின்ற என்னைக் கைகாட்டினார். "அவ்ளோதானா நைனா? இதுக்கா இவனைக் கூப்டுகினு இருந்தோம்?"

எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் ஏதாவது கம்ப்யூட்டர் 'படம் தெரிகிறதா?' என்று கேட்டால் எரிகிறது. அத்தனை எண்கள் தெரிந்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.